நுரை வருமா என்று கேட்டு வாங்கிய மெஷின்

மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்குத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் காபி வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் மாதமே இதைத் தெரிந்துகொண்டேன். திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். "முருகன் காலடியிலயே இருக்கப் போறா, குடுத்து வெச்சவ" என்று ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரே சொன்னது. குடுத்து வைத்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரரின் சொந்தம் அத்தனைக்கும் அதே முருகன்தான் குலதெய்வம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குழந்தைக்கு முதல் மொட்டை, காதுகுத்து, பரீட்சை பாஸானால் ஒரு கும்பிடு, பாஸாகாவிட்டால் ஒரு வேண்டுதல். மேலே ஏறுவது சாமிக்கு. கீழே இறங்கினால் நேராக எங்கள் வீடு.

யாரும் சாப்பாடு கேட்க மாட்டார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. "சாப்பாடெல்லாம் வேணாம்மா, ஒரு வாய் காபி குடு போதும்" என்பார்கள். ஒருத்தருக்கு ஒரு வாய் என்றால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு எத்தனை வாய் என்று அவர்கள் யோசித்ததில்லை. ஒரு கும்பல் டம்ளரைக் கீழே வைக்கும்போது அடுத்த கும்பல் வாசலில் செருப்பை விடும். முதல் டிகாக்ஷன் தீர்ந்து, இரண்டாவது டிகாக்ஷன் ஊற்றி, அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒருவருக்குச் சர்க்கரை கூடுதலாக வேண்டும், ஒருவருக்குச் சர்க்கரையே ஆகாது, ஒருவருக்கு ஸ்டிராங்காக இருக்க வேண்டும், பெரியவர் ஒருவருக்கு ஆற்றித் தர வேண்டும். வந்தவர்களின் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. யாருக்கு எப்படிக் காபி என்பது மட்டும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. முப்பது வயதிலேயே கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டது.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். எனக்கு அலுப்பு அதனால் மட்டும் இல்லை. நைனாவால்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான மூன்றாம் வருஷம் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு நைனா மாதா மாதம் கிருத்திகைக்கு மலைக்கு வர ஆரம்பித்தார். காலையில் நிலத்துக்குப் போய்த் தண்ணீர் மடை பார்த்துவிட்டு, குளித்து, டவுன் பஸ் பிடித்து வந்து, படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். வாசல் கதவை ஒட்டிப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருவார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொள்வார். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், "வாங்க சம்மந்தி, மழை உண்டா அங்க?" என்பார். "எங்கம்மா பேயுது, தூறல் போட்டுட்டு போயிடுது" என்பார் நைனா. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இதே பேச்சுதான். ஒரு காபி குடிப்பார். இருபது நிமிஷம் ஆனால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார்.

அந்த இருபது நிமிஷமும் நான் சமையலறையில் இருப்பேன். கிருத்திகை என்றால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், எத்தனை பேர் வந்திருந்தாலும் மருமகளின் பிறந்த வீட்டு ஆளுக்குக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. நம்ம ஆளு, பொறுத்துக்கொள்வார் என்ற உரிமைதான். முதலில் கொடுத்தால்தான் பேச்சு வரும், தன் வீட்டாளைத் தனியாகக் கவனிக்கிறாள் என்று. ஒரு முறை நான் மறந்துபோய் நைனாவிடம் முதலில் நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை. "மொதல்ல அவங்களுக்கு குடும்மா" என்று கண்ணாலேயே தட்டைத் திருப்பினார். பெண் கொடுத்த வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் வருவதும் இல்லை. அதனால் அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் ஒரு சுவர். அடுப்படியில் நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவருடைய முழங்காலும் அதன் மேல் மஞ்சள் பையும் மட்டும் தெரியும். கடைசியாக அவருக்கு டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "நல்லா இருக்கியாம்மா?" என்பார். "இருக்கேன் நைனா" என்பேன். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள்.

எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, அவர் அந்தக் காபியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. போனில் பேச அவருக்கு வராது. தெருமுனை பூத்திலிருந்து கூப்பிட்டு, "நல்லா இருக்கீங்களா எல்லாம், வெச்சுடறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். அம்மா இல்லாத வீட்டில் அண்ணியிடம் அவர் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, ராத்திரி தூங்குகிறாரா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த இருபது நிமிஷம்தான். அதை வாய் விட்டுக் கேட்க என்னால் முடியவில்லை. "எங்க நைனா வரும்போது எனக்கு வேலை வைக்காதீங்க" என்று எந்த மருமகள் சொல்லுவாள்? கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கால் வலிக்கிறது என்று சொன்னதற்குத்தான் மெஷின் பேச்சு வந்தது.

பேச்சை எடுத்தது என் நாத்தனாரின் கணவர். மெட்ராஸில் இருப்பவர். என் வீட்டுக்காரர் அவரைப் பாவா என்று கூப்பிடுவார், பாவா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு கல்யாணத்தில் எல்லோரும் எக்ஸ்பிரஸோ காபிக்கு வரிசையில் நின்றோம். அந்தக் காலத்தில் மண்டபத்தில் எக்ஸ்பிரஸோ வைத்தால்தான் கல்யாணம் பெரிய கல்யாணம். ஒருவர் பளபளவென்று ஒரு மெஷின் முன்னால் நின்று, பாலில் குழாயை விட்டுப் புஸ்ஸென்று ஆவியடித்து, நுரை ததும்பும் கப்பின் மேல் சாக்லேட் தூளைத் தூவிக் கொடுப்பார். பாவா உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டே, "இதே மாதிரி வீட்டுக்கு சின்னதா வந்துகினு இருக்குது மச்சான். ஒண்ணு வாங்கிப் போடு. எங்க தங்கச்சி கால் வலின்னு சொல்லிகினு இருக்குதுல்ல" என்றார். தங்கச்சி என்றது என்னை. எனக்கு அவர்மேல் அன்றைக்கு உண்மையாகவே பாசம் வந்தது.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுதான். என் வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்கு ஆள் பேசுவதுகூட இவ்வளவு யோசித்துச் செய்ததில்லை. பேப்பரில் வரும் விளம்பரங்களை வெட்டிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். பஸ் ஸ்டாண்ட் ஹோட்டல்காரரிடம் கேட்டார். அவர், "மெஷின்லாம் எதுக்கு சார், பித்தளைல பெரிய பில்டரா வாங்கிப் போடுங்க, அடில குழா வெச்சது" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. "அதுக்கு நம்ம வீட்டு பில்டர் போதாதா?" என்று தட்டிக்கழித்துவிட்டார் என் வீட்டுக்காரர். அத்தைக்கு வேறு கவலைகள். கரண்ட் எவ்வளவு இழுக்கும், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா, பால் பொங்கினால் மெஷின் சத்தம் போட்டுக் கூப்பிடுமா. கடைசிக் கேள்வி நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். இவர் தினமும் கேட்பார், "உனக்குதான் வாங்கறோம், சொல்லு" என்று. நான் "உங்களுக்கு எது சரின்னு படுதோ" என்பேன். அலுப்பில் வாய்க்கு வருகிற பதில் அது. அந்தப் பதிலுக்காக என்னை நானே பல நாள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வழியாக மெஷின் வாங்க மெட்ராஸ் கிளம்பினோம். காலை ரயிலில் அரக்கோணம், மணவூர் தாண்டும் வரை இவர் பேப்பர் துண்டுகளை மடியில் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். உட்கார்ந்தபடி யாரும் கூப்பிடாமல் இரண்டு மணி நேரம் தூங்கியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பாவா கடை வாசலிலேயே காத்திருந்தார்.

கடையில் மூன்று மெஷின் வைத்திருந்தார்கள். ஒன்று ரொம்பப் பெரிசு, அதைப் பார்த்ததுமே எங்களுக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது, கண்ணாடி ஜாடி வைத்த ஒரு எளிய சாமான். மேலே தண்ணீர் ஊற்றி, வலையில் காபித்தூள் போட்டு, சுவிட்சைத் தட்டினால் தானாகச் சூடாகி டிகாக்ஷன் ஜாடியில் இறங்கும். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு, அது டிகாக்ஷனை ஆற விடாமல் சூடாகவே வைத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே தடவையில் வரும். கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். என்னைப் பார்த்து, "இதுல ஊத்தி சுவிட்ச் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு போய் உக்காந்துக்கலாம்மா. இதுவே பாத்துக்கும்" என்றார்.

நீங்க பாட்டுக்கு போய் உக்காந்துக்கலாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கையை நீட்டி ஜாடியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். பாலைத் தனியாகக் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டால், சர்க்கரையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவர்களே கலந்துகொள்ளலாம். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் நைனா பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடையில் நின்றபடி அந்த நாற்காலியை எங்கே போடுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

"இதுல நுரை வருமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இதுல வராதுங்க சார். நுரை வேணும்னா இது" என்று கடைக்காரர் மூன்றாவதைக் காட்டினார். கறுப்பாக, உயரமாக, பக்கவாட்டில் ஒரு குழாயோடு இருந்தது. தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கித் திருகி, அடியில் தூளை வைத்து, சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் உறுமிக்கொண்டே கறுப்பாக நாலு கப்புக்கான டிகாக்ஷன் இறங்கியது. பிறகு குழாயைப் பாலில் விட்டார். புஸ்ஸென்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. நுரை எழும்பியதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாவா ஒரு வாய் குடித்துவிட்டு, "அதே மண்டபத்து டேஸ்ட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல காபி போடறது யாருங்க?" மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம், அந்த ஜாடி போதும் என்று. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் நைனாவைச் சொல்ல வேண்டும். கடை நடுவில் நின்று, பாவா முன்னால், எங்க நைனாவோடு உட்கார எனக்கு இருபது நிமிஷம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் பாவா, "எங்க தங்கச்சிக்கு நாலு நாள்ல பழகிடும்" என்றார். அட்டைப் பெட்டியில் கயிறு கட்டிவிட்டார்கள்.

மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சமையல் மேடையில் ஏற்றினோம். முதல் நாளே எங்கள் வீட்டுச் சிக்கரி கலந்த தூளைப் போட்டதில் அது ஊறிப் பிசினாகி அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஓரமெல்லாம் சீறி, சுவரில் காபியை வாரி அடித்தது. அத்தை, "வூட்டுக்குள்ள என்னாத்தடா கொண்டாந்து வெச்ச!" என்று சாமி மாடத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு சிக்கரி இல்லாத தூளாக அரைத்து வாங்கினோம். நிறம் இல்லை என்று அதற்கும் ஒரு குறை.

நான் பழகிக்கொண்டேன். எனக்கு எதுதான் பழகவில்லை? ஆனால் அது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டிய மெஷின். நாலு கப் இறங்கியதும் சுவிட்சை அணைத்து, மிச்ச ஆவியில் பாலை நுரைக்க வைத்து, பிறகு சூடு தணியும் வரை காத்திருந்து, அப்புறம்தான் மூடியைத் திறந்து மறுபடியும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். பழைய பில்டரிலாவது டிகாக்ஷன் இறங்கும்போது ஒரு எட்டு வெளியே போய்வரலாம். இதில் நகர முடியாது. என் வீட்டுக்காரர் மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுக்காமல் செய்தார். கப்புகள் வரிசையாக வந்ததும் சாக்லேட் தூளைத் தூவுவார். அந்த ஒரு வேலைக்கு அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அத்தை பழைய பில்டரை நன்றாகத் துலக்கித் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

மெஷின் வந்த சேதி பரவியது. முன்பெல்லாம் மலையிலிருந்து இறங்கி நேராக ரயிலுக்குப் போகிறவர்கள்கூட வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "உங்க வூட்ல மண்டபத்துக் காபி போடறீங்களாமே" என்று சும்மா பார்க்க வந்தவர்களும் உண்டு. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா முறைக்காரி நுரையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சோப்பு போட்ட மாதிரி" என்று சிரித்து, இரண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடித்தார். என் கால் வலிக்காக வாங்கிய மெஷின். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சாயங்காலமானால் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

மெஷின் வந்த பிறகு வந்த முதல் கிருத்திகை அன்றைக்கு, வீட்டுக்காரரின் சித்தப்பா குடும்பம் பன்னிரண்டு பேராக வந்திறங்கியது. பேரனுக்கு மொட்டை. நைனா வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையிலிருந்து எட்டிப் பார்த்தேன், முழங்காலும் பையும் தெரிந்தன. "வாங்க சம்மந்தி, மழை உண்டா அங்க?" என்று அத்தையின் குரல் கேட்டது.

முதல் நாலு கப். சூடு தணிவதற்குக் காத்திருந்தேன். இரண்டாவது நாலு. மறுபடியும் காத்திருப்பு. மூன்றாவது நாலுக்குப் பால் போதாமல் இன்னொரு பாக்கெட்டை உடைத்துக் காய்ச்சினேன். ஹாலில் நுரையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இவர் தூள் தூவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டும் முடிந்து அடுத்தது நைனாவுக்கு என்று திரும்பினால் மெஷினில் தண்ணீர் இல்லை. மூடி கொதித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியை அதன்மேல் போட்டு அழுத்தினேன். "தெறக்காத, தெறக்காத! மூஞ்சில அடிச்சிடும்!" என்று இவர் வாசற்படியிலிருந்து கத்தினார். பில்டர் பரண்மேல் கிடந்தது. டிகாக்ஷன் ஒரு சொட்டு இல்லை. வீட்டில் அவ்வளவு காபி மணம், என் நைனாவுக்குக் கொடுக்க ஒரு டம்ளர் காபி இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வரட்டுங்களா" என்று நைனாவின் குரல் கேட்டது.

ஈரக் கையோடு ஓடினேன். "ரெண்டு நிமிஷம் நைனா. இதோ ஆயிடும்."

"பரவால்லம்மா. அடுத்த மாசம் குடிச்சிக்கறேன்" என்றார். ஒரு பேப்பர் பொட்டலம் விபூதியையும் நாலு கொய்யாப்பழத்தையும் ஜன்னலில் வைத்துவிட்டு வாசலில் இறங்கினார். முகம் சுருங்கியிருந்தது. நான் பார்த்துவிட்டேன். காபி கிடைக்காத ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடைக்குத் திரும்பி நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். போடவில்லை. சூடு தணிந்ததும் மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, தூளை வைத்து, டிகாக்ஷன் இறக்கி, பாலை நுரைத்து, சர்க்கரை போட்டுச் சின்ன பிளாஸ்கில் ஊற்றினேன். செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அத்தை.

"நைனாவுக்கு காபி குடுத்துட்டு வரேன்."

"அவுரு போயி அரை மணியாச்சு. பஸ் ஏறிப் போயிருப்பாரு."

"போயிருந்தா திரும்பி வரேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இவர் சாக்லேட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இரண்டு பேர் இன்னொரு கப் கேட்டார்கள். நான் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான், வேகமாக நடந்தால் ஐந்தாறு நிமிஷம். பூக்கடை தாண்டித் திரும்பும்போதே ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் நிற்பது தெரிந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன். நைனா இல்லை. முந்தின பஸ்ஸிலேயே போயிருப்பார் என்று திரும்பினேன்.

அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அது அவர் கண்ணெதிரே கிளம்பிப் போனது.

"நைனா! பஸ்ஸு போவுதே!"

திடுக்கிட்டு எழுந்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார். "நீ ஏம்மா வந்த? வூட்ல ஆளுங்க இருக்காங்களே."

"நேரமாச்சுன்னு கிளம்பினீங்க. பஸ்ஸ விட்டுட்டு குந்திகினு இருக்கீங்க?"

"ஆங். அடுத்ததுல போவேன். அரை மணிக்கு ஒண்ணு வந்துகினுதான் இருக்குது."

அரை மணிக்கு ஒன்று. மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு ராத்திரிதான் பஸ் என்று எட்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"அப்ப எதுக்கு ஒவ்வொரு மாசமும் அவசர அவசரமா ஓடி வர்றீங்க?"

பையின் காதைத் திருகினார். "நான் குந்திகினு இருந்தா உங்க அத்தை மரியாதைக்கு இன்னொரு காபி குடுன்னு சொல்லுவாங்க. நீ மறுபடியும் அடுப்பாண்ட போவணும். நீ நின்னுகினே இருக்கறது தெரியுதுல்ல. அதான் கிளம்பிடறது." பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார், "ஒடனே பஸ் ஏறவும் மனசு வராது. இங்க ஒரு மணி நேரம் குந்திகினு இருந்துட்டுப் போவேன்."

மாதா மாதம் நான் அடுப்படியில் நின்று அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார் என்று நினைத்த நேரமெல்லாம் அவர் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றினேன். நுரையெல்லாம் அடங்கிப்போயிருந்தது.

அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கா நைனா? நீங்க ஆசையா குடிக்கிறது, இன்னிக்கு பாத்து இல்லாம போச்சு."

"எனக்கு இன்னாம்மா தெரியும் காபியப் பத்தி? நான் வூட்ல குடிக்கிறதில்ல. கசக்கும் எனக்கு."

"அப்பறம் நம்ம வூட்ல மட்டும்?"

"நீ கொண்டாந்து குடுப்பல்ல" என்றார். "அப்பதான உள்ள இருந்து வெளிய வர்ற."

நான் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் கசப்பை மறைக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெள்ள மெள்ளக் குடித்தார். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த பஸ் வந்து நின்று, போயிற்று. அவர் குடித்து முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.